பூனை விட்ட இடம்

“இதுல புதுசா என்னடா இருக்கு?” என்று அப்பா கேட்டார்.

அண்ணன் அப்போதுதான் டிவியைச் சுவரில் மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கியிருந்தான். துளை போட்ட தூள் அவன் தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவன் வேலை பார்க்கும் கடையில் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த டிவி அது. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்ததால் முதலாளி இவனிடம் தள்ளிவிட்டிருந்தார்.

“இது இன்டர்நெட்ல ஓடுறதுப்பா. கேபிள் மாதிரி இல்ல. நீங்க நினைச்சதை நினைச்ச நேரத்துல பாக்கலாம்.”

“நான் நினைச்சது நினைச்ச நேரத்துல இந்த வீட்டுல எது நடந்திருக்கு, இது நடக்க?”

சோபாவில் சுருண்டு படுத்திருந்த அக்கா சிரித்தாள். அவள் சிரித்தால் அப்பாவுக்கும் உதடு கோணும். அன்றும் கோணியது.

டிவியைப் போட்டதும் ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டது. ஆளுக்கொரு பெயரும் ஆளுக்கொரு படமும் வைத்துக்கொள்ளலாமாம். ரிமோட்டைப் பிடுங்கி எல்லாருக்கும் பெயர் வைத்தவள் அக்காதான். அப்பா வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும் என்பதால் அவர் ‘ஹாரன்’. கொஞ்ச நேரம் பொறுத்துப் பொறுத்துப் பிறகு ஒரே சத்தமாகப் போடும் அம்மா ‘குக்கர்’. விற்பனையாளனாக இருந்துகொண்டு எல்லாரையும் விரட்டும் அண்ணன் ‘மேனேஜர்’. நான் ‘எலி’. தனக்கு ‘பூனை’ என்று வைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் வருவதும், இடம் கிடைத்தால் சுருண்டுகொள்வதும், யார் திட்டினாலும் அரைக்கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்குவதும் அவளுக்கே உரியவை. ஆரஞ்சு நிறப் பூனைப் படம் ஒன்று அவள் பெயருக்கு மேல் உட்கார்ந்தது.

கணக்கு அப்பாவின் போன் நம்பரில் திறக்கப்பட்டது. இன்டர்நெட் இணைப்பு அவர் பெயரில் இருந்ததால் அப்படி. கடவுச்சொல் போட்டவளும் அக்காதான்.

அப்பா அந்த டிவியை மதிக்கவேயில்லை. “அன்னைக்கும் அழுதாளுங்க, இன்னைக்கும் அழுவுறாளுங்க. முன்னே விளம்பரத்துக்கு நிறுத்துவான். இப்போ நடுவுல வட்டம் சுத்துது. அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார்.

வட்டம் அடிக்கடி சுற்றியது உண்மை. ஒவ்வொரு தடவையும் இணைப்பு கொடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒல்லியான, மரியாதையான ஆள். வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வருவார். பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ செருகுவார், சரியாகிவிடும். வாராவாரம் இது ஏன் இப்படிப் பழுதாகிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டதே அக்காதான் என்பது, அவள் அந்த ஆளோடு போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் விளங்கியது.

கல்யாணம் முடிந்து அவள் போன் செய்தாள். அப்பா அப்போது காலைச் சுற்று முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். விடியற்காலையில் போய்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டால், மறுபடி சாயங்காலம்தான் வேலை. நடுப்பகல் முழுக்க வீட்டில் இருப்பார். பஸ்ஸின் கதவுக்குப் பொத்தான் அவர் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் அழுத்தாமல் ஒரு பிள்ளையும் ஏறவோ இறங்கவோ முடியாது. அதில் அவருக்குப் பெருமை.

போனில் அக்கா பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அப்பா பேசியது எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“பஸ்ஸுக் கதவு மட்டும் இல்ல, இந்த வீட்டுக் கதவும் என் கையிலதான் இருக்கு. இனி உனக்குத் திறக்காது. எனக்கு ரெண்டு பிள்ளைங்கதான்.”

அக்கா அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள். அப்பாவின் மகள்தானே. அவள் நம்பர் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது என்று அண்ணன் விசாரித்துக்கொண்டு வந்தான். எந்த ஊர் என்று சொல்ல ஆள் இல்லை. இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, ஒருநாள் சாப்பிடும்போது, “புதுசா என்ன இருக்குன்னு கேட்டீங்களேப்பா, மாப்பிள்ளைதான் புதுசு” என்றான். அப்பாவின் தட்டு சுவரில் பட்டது. டிவிக்குக் கீழே அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அம்மா சோப்பு போட்டுத் தேய்த்ததில் அது போகாமல், அகலமானதுதான் மிச்சம்.

பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து நானும் அம்மாவோடு சலவைக்கூடத்துக்குப் போகிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்புவது வேலை. அப்பா விடியலில் கிளம்பியதும் எங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அம்மா தலை வாரிக்கொண்டே ஏதாவது ஒரு தொடர் பார்ப்பாள்.

அப்படி ஒரு காலையில் நான் கைதவறிப் பூனையை அழுத்திவிட்டேன்.

‘தொடர்ந்து பாருங்கள்’ என்ற வரிசையில் ஒரு நகைச்சுவைத் தொடர் இருந்தது. அதன் அடியில் சிவப்புக் கோடு பாதி வரை வந்து நின்றிருந்தது. அக்கா போய் எட்டு மாதமோ என்னவோ ஆகியிருந்தது. அந்தத் தொடரோ போன வாரம்தான் புதிதாக வந்தது.

“அண்ணன் பாத்திருப்பான்” என்றேன்.

அம்மா சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “அவன் ஏன் அவ படத்துக்குள்ள போறான்?”

மறுநாள் பார்த்தோம். கோடு நகர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் அந்தப் பகுதி முடிந்து அடுத்தது ஆரம்பித்திருந்தது.

“அவதான்டி” என்றாள் அம்மா. “எங்கேயோ உக்காந்து பாத்துக்கிட்டிருக்கா.”

அன்றிலிருந்து அம்மா தொடர் பார்ப்பதை விட்டுவிட்டாள். பூனையைப் பார்ப்பாள். அடுப்பில் பால் வைத்தவள் எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. பிறகு அன்று முழுக்க அதைப் பற்றியே பேச்சு. விரிப்பை மடிக்க ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்போம். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. மடிப்புக்கு மடிப்பு நெருங்கி வரும்போது அம்மா ஒரு வாக்கியம் சொல்வாள்.

“சிரிப்புப் படமாத்தான் பாக்குறா. சந்தோஷமா இருக்கா போல.”

அடுத்த விரிப்பு.

“துக்கமா இருக்கிறவங்கதான் சிரிப்புப் படம் பாப்பாங்கன்னும் சொல்றாங்க.”

“நீயே ரெண்டையும் சொன்னா நான் என்னம்மா சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாதே. முனையைப் பிடி.”

பாதியில் நிறுத்தியிருந்தால், மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்திருப்பார் என்பாள். ஒரே மூச்சில் நாலைந்து பகுதி ஓடியிருந்தால், அவர் இரவு வேலைக்குப் போயிருக்கிறார், பிள்ளை தனியாக இருக்கிறாள் என்பாள். சமையல் நிகழ்ச்சி பார்த்திருந்தாள் என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தண்ணி கொதிக்க வைக்கிறதையும் டிவியில பாத்துத்தான் செய்வா!” கேபிளில் இப்படி ஒன்று உண்டா? கேபிள் ஊருக்கே பாடும், கேட்டவர் யாரென்று அதற்குத் தெரியாது. இதுவோ அக்கா எந்த இடத்தில் கண்ணை மூடினாள் என்பது வரை வைத்திருந்தது. அப்பாவின் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியாது.

பிறகு கோடு நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், அதற்கும் மேல். அம்மா தினமும் போட்டுப் பார்த்துவிட்டு அணைப்பாள். சலவைக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. மறுபடி கோடு அசைந்தபோது முன்போல் ஓடவில்லை. ஒரு நாளைக்குக் கொஞ்சம், ஒரு நாளைக்கு ஒன்றுமில்லை என்று மாதக்கணக்கில் தள்ளாடியது.

அப்புறம் ஒரு காலையில் அந்த வரிசையில் ஒரு யானை நின்றது. நீல நிறப் பொம்மை யானை, தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு. சின்னக் குழந்தைகளுக்கான பாட்டுப் படம்.

அம்மா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“எலி, இது குழந்தைங்க பாக்குறதுதானே?”

“ஆமாம்மா.”

“பெரியவங்க பாக்க மாட்டாங்கல்ல?”

“பாக்க மாட்டாங்க.”

புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?” என்றாள்.

“யானையைப் பாத்து எப்படிம்மா சொல்றது?”

“சரி, சரி. நல்லா இருந்தா போதும்.”

அன்று வேலைக்கு நேரமாகிவிட்டது. மேற்பார்வைக்காரி வாசலிலேயே நின்று கத்தினாள். “மன்னிச்சுக்கங்கம்மா” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்தக் கோட்டைத்தான் படம் காட்டும் கம்பெனிக்காரர்கள் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள்.

ஒருநாள் டிவியைப் போட்டதும் ஒரு அறிவிப்பு வந்தது. இனி ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும். இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கு விளக்குவதுபோல எங்களுக்கும் விளக்கினான்.

“வேற வீட்டு டிவியில யாராவது இந்தக் கணக்குல பாத்தா நிறுத்திடுவாங்க. அப்போ அப்பா போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை அந்த வீட்டு டிவியில அடிச்சாத்தான் திரும்ப ஓடும். கால் மணி நேரத்துக்குள்ள அடிக்கணும்.”

அம்மாவின் கரண்டி பாத்திரத்துக்குள் நின்றது. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வெளியே யாருடா இருக்கா நமக்கு?” என்றார்.

மறுநாள் விரிப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அம்மா கணக்குப் போட்டாள். அக்காவின் டிவி நின்றுவிடும். நம்பர் அப்பாவுக்கு வரும். அந்த நம்பர் வேண்டுமானால் அக்கா அப்பாவைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

“தனக்குன்னா கூப்பிட மாட்டா. குழந்தை யானைக்கு அழும்ல? கூப்பிடுவா.”

“அப்பா எடுத்துப் பேசுவாரா?”

“எடுக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம். பேத்தியோ பேரனோ பின்னாடி அழுதா எந்த ஹாரனும் அடங்கும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்பர் வந்தது. அப்பா வாசல்படியில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். போன் சிணுங்கியது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, போனைக் கை எட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். நெடுநேரம் படித்தார்.

“யாரு?” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

“கம்பெனிக்காரன்.”

போனைக் கவிழ்த்துப் படியில் வைத்தார். ஷூவை எடுத்தார். ஏற்கெனவே பளபளத்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். அம்மா ஈரக்கையோடு கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. யாரோ தண்ணீர் பிடித்தார்கள். போன் அடிக்கவில்லை.

அம்மாவின் கை காய்ந்துவிட்டது. கால் மணி நேரத்துக்கு மேலேயே நின்றிருப்பாள். பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நாங்கள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தபோது அப்பா டிவிக்கு முன்னால் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா கொடியிலிருந்து துணி எடுக்கப் பின்பக்கம் போனாள். அப்பா என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் குரலை இவ்வளவு தணித்து நான் கேட்டதில்லை.

“எலி, இது சரியா விழுந்துடுச்சான்னு பாரு.”

திரையில் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘இந்த டிவி இருக்கும் இடம் உங்கள் வீடாக உறுதி செய்யப்பட்டது. மற்ற இடங்களில் உள்ள டிவிகள் இந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன.’

“என்னப்பா பண்ணினீங்க?”

“மதியம் திரும்ப நம்பர் வந்துச்சு. கூப்பிடுவான்னு கொஞ்ச நேரம் பாத்தேன். கூப்பிடல. நேரம் போயிட்டிருந்துச்சு. சரி, நாமே திறந்து விட்டுடலாம்னு இதுல தேடினேன். ‘வீட்டை உறுதி செய்யவும்’னு ஒரு இடம் இருந்துச்சு. ஆமான்னு அழுத்தினேன். இன்னொரு நம்பர் அனுப்பிச்சு, அதையும் அடிச்சேன்.” என் முகத்தைப் பார்த்தார். “ஏன்? கதவை இங்கேயிருந்துதானே திறக்கணும்? பொத்தான் டிரைவர்கிட்டதானே இருக்கும்?”

நான் திரையைக் காட்டினேன். அவரே மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியைப் படித்தார். உதடு அசைந்தது. நீக்கப்பட்டன என்ற இடத்தில் நின்றுவிட்டது.

துணிகளோடு உள்ளே வந்த அம்மாவும் அதைப் படித்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குக்கர் என்று பெயர் வைத்தபடியே அந்தச் சத்தம் வரும் என்று.

“அன்னைக்கு வாயால. இன்னைக்கு விரலால” என்று மட்டும் சொன்னாள்.

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், திறக்க நினைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஷூவைக் கழற்றினார். ஒன்றை வாசலிலும் மற்றதை அறையிலும் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மடிப்பு மேசையில் நான்தான் ஆரம்பித்தேன். அப்பா என்னிடம் கேட்டதையெல்லாம், டிரைவர் பொத்தான் வரை, அம்மாவிடம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. விரிப்பின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தாள்.

“தெரிஞ்சு செஞ்சா என்ன, தெரியாம செஞ்சா என்ன? அங்கே படம் போச்சுல்ல. அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அண்ணன் தன்னால் ஆனதைச் செய்தான். கம்பெனி நம்பருக்குப் போன் போட்டு, இசையைக் கேட்டு, மறுபடி போட்டு, மறுபடி இசையைக் கேட்டு, கடைசியில் ஒரு பெண்ணைப் பிடித்தான். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாளாம். இங்கிருந்து எதையும் திறக்க முடியாது. அந்த வீட்டுக்காரர்கள் திரும்ப உள்ளே வரப் பார்த்தால், திரும்ப நம்பர் வரும்.

“வரப் பாக்கணுமே” என்றான் அண்ணன்.

நம்பர் வரவில்லை. வீட்டில் பேச்சும் குறைந்துபோனது. அம்மா தட்டைச் சத்தமில்லாமல் வைப்பாள், அப்பா சத்தமில்லாமல் சாப்பிடுவார். மழை பிடித்தது. கொடியில் துணி காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. காலையில் அம்மா டிவியைப் போடுவதையே விட்டுவிட்டாள். தூசியைத் துடைக்கும்போது மட்டும் கையால் அந்தக் கீறலை ஒரு தடவை தொடுவாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அப்பா ரிமோட்டை எடுத்தார். நாங்கள் வீட்டில் இருக்கும்போது அவர் டிவி போட்டு நான் பார்த்ததில்லை. ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டது. ஹாரனைத் தாண்டினார். குக்கரைத் தாண்டினார். பூனையை அழுத்தினார்.

யானை அதே இடத்தில் நின்றது. சிவப்புக் கோடு பாதிக்குக் கொஞ்சம் முன்னால். அப்பா அதை ஓடவிட்டார். யானை வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தது. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் இறுகியிருந்தது. அணைக்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“இப்போ வாளியில ஒரு தவளை இருக்கும் பாரு” என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

யானை வாளியைக் கவிழ்த்தது. தவளை குதித்தது.

“அடுத்தது யானைக்குத் தும்மல் வரும். குரங்கு மரத்துலேர்ந்து விழும்.”

தும்மல் வந்தது. குரங்கு விழுந்தது.

அம்மா டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். “எப்போலேர்ந்து?” என்றாள்.

“எல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கேன். அந்தச் சிரிப்புத் தொடர், சமையல், எல்லாம். மத்தியானம் வீட்டுல சும்மாதானே கிடக்கேன்.”

“நான் காலையில பாப்பேனே. நீங்க பாத்திருந்தா கோடு தள்ளிப் போயிருக்குமே.”

பாட்டு முடிந்தது. யானை கையசைத்தது. அடுத்த பாட்டு தானாகவே ஆரம்பித்தது. அம்மா வந்து சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள். நடுவில் அக்கா சுருண்டுகொள்கிற அளவுக்கு இடம் இருந்தது. மூன்று பேரும் அதைக் கடைசி வரை பார்த்தோம். அப்பாவின் போன் சோபாக் கையின்மேல் நிமிர்ந்து கிடந்தது. ஒரு தடவை வெளிச்சம் வந்தது. மூன்று பேரும் திரும்பினோம். நாளைக்கு மழை, பஸ்ஸை மெதுவாக ஓட்டவும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி.

அப்பா ரிமோட்டை எடுத்தார். அணைக்கவில்லை. முதல் பாட்டுக்கே திரும்பிப் போய்ப் படத்தைப் பின்னால் ஓட்டினார். குரங்கு தரையிலிருந்து மரத்துக்கு ஏறியது, தவளை வாளிக்குள் புகுந்தது, யானை ஆற்றங்கரையிலிருந்து பின்னடி வைத்துப் பின்னடி வைத்து வீட்டுக்கு வந்தது. பாதிக்குக் கொஞ்சம் முன்னால், கோடு முதலில் இருந்த இடத்தில், நிறுத்தினார். கொஞ்சம் தள்ளிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு மறுபடி இம்மி பின்னால் இழுத்தார். பழகிய கை.

“குழந்தை விட்ட இடத்துலேயே இருக்கணும்ல” என்றார்.

அம்மா எழுந்து ஈரத்துணியைத் திருப்பிப் போடப் போனாள்.